அழைப்பைக் கேட்டவர்களும் சுமந்தவர்களும்: கொல்லிமலையிலிருந்து ஒரு வரலாற்றுப் பாடம்

நம் படிப்பு வட்டங்களுக்கு வரும் கிறிஸ்தவ இளைஞர்கள் பலர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "எனக்குக் கடவுளின் அழைப்பு இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?" இதைக் கேட்டதும் நம்மில் சிலர் சிரித்துவிடுகிறோம். சமூக விடுதலை பேசும் இடத்தில் தேவ அழைப்பு எதற்கு என்று நினைக்கிறோம். சிரிக்கத் தேவையில்லை தோழர்களே. சேரியில் பிறந்த ஒரு பெண் வேலையை விட்டுவிட்டுத் தன் மக்களுக்காக உழைக்கப் போகிறேன் என்று சொன்னால், அதைக் கொள்கைப் பிடிப்பு என்கிறோம். அவள் அதை அழைப்பு என்கிறாள். சொல் வேறானாலும் அவள் கொடுக்கப்போகும் விலை ஒன்றுதான். ஆகவே அந்தச் சொல்லுக்கு நம் மண்ணில் என்ன வரலாறு இருக்கிறது என்று பார்த்துவிடுவோம். கொல்லிமலையிலிருந்து தொடங்கலாம்.

இன்று நாமக்கல் மாவட்டத்தில் இருக்கும் கொல்லிமலை அன்று சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தது. நம் பாடநூல்களுக்கு அது வல்வில் ஓரியின் மலை, கொல்லிப்பாவையின் மலை, அறப்பளீசுவரர் கோயிலும் ஆகாய கங்கை அருவியும் உள்ள சுற்றுலா மலை. இன்று காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்து ஏறிவிடுகிறது. நூறு ஆண்டுகளுக்கு முன் கால்நடையாக ஏற வேண்டும், இல்லையென்றால் டோலியில் போக வேண்டும். மலைக்காய்ச்சலுக்குப் பயந்து சமவெளிக்காரர்கள் அங்கே இரவு தங்கத் தயங்கினார்கள். வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, சேலூர் நாடு என்று நாடு நாடாகப் பிரிந்து வாழும் அந்த மலைமக்களுக்கு மலையாளிகள் என்று பெயர். மலையை ஆள்பவர்கள் என்பது பொருள், கேரளத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தாங்கள் காஞ்சிபுரத்திலிருந்து வந்த வேளாளர்கள் என்பது அவர்களுடைய வாய்மொழி மரபு. அரசுப் பட்டியலில் அவர்கள் பழங்குடியினர்.

இந்த மலைக்குத்தான் ஜெஸ்ஸி பிராண்ட் வந்தார். இங்கிலாந்தில் கட்டட வேலை தெரிந்த இளைஞர். மருத்துவப் பட்டம் இல்லை, மிஷனரிகளுக்குக் கொடுக்கும் குறுகிய கால மருத்துவப் பயிற்சி மட்டும் உண்டு. 1907இல் இந்தியாவுக்கு வந்த அவரை ஸ்டிரிக்ட் பாப்டிஸ்ட் மிஷன் என்ற சிறிய சபை அனுப்பியிருந்தது. சமவெளியில் சேந்தமங்கலத்தில் வேலை செய்தபோது மேலே தெரிந்த மலை அவரை விடவில்லை. அங்கே வைத்தியம் இல்லை, பள்ளி இல்லை, போவாரும் இல்லை. எவலின் ஹாரிஸ் லண்டனில் வசதியான வணிகர் வீட்டுப் பெண். ஓவியம் வரைவார். முப்பது வயதைத் தாண்டிய பிறகு வீட்டாரின் வருத்தத்தையும் மீறி இந்தியாவுக்குப் புறப்பட்டார். 1913இல் இருவரும் திருமணம் செய்துகொண்டு மலையேறினார்கள்.

அவர்கள் குடியிருந்த வீட்டின் கதை நமக்கு முக்கியம். ஜெஸ்ஸி மரப்பலகைகளைத் தானே அறுத்து, இழைத்து, பகுதி பகுதியாகச் செய்து, மேலே கொண்டுபோய்ப் பூட்டினார். கரையான் ஏறாமல் இருக்கக் கால்கள் மேல் நிற்கும் வீடு. வாழ்க்கை வரலாற்று நூல்கள் இதை வியந்து சொல்கின்றன, வியக்க வேண்டியதுதான். ஆனால் அந்தப் பலகைகள் தாமாக நடந்து மலையேறவில்லை. தலையிலும் தோளிலும் சுமந்து ஏற்றியவர்கள் கூலியாட்கள். அவர்களில் ஒருவருடைய பெயரும் நாங்கள் படித்த எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஒரு அழைப்பின் கதையில் எத்தனை பேருடைய முதுகு இருக்கிறது என்பதை இந்த இடத்தில் குறித்து வைத்துக்கொண்டு மேலே போவோம்.

பிராண்ட் தம்பதி மலையில் என்ன செய்தார்கள்? பிரசங்கம் செய்தார்கள், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பல ஆண்டுகள் பேசியும் ஞானஸ்நானம் பெற ஒருவரும் வரவில்லை. சொல்லப்போனால் அவர்களை முதலில் தேடி வந்தவை புண்ணும் காய்ச்சலும்தான். அவர்கள் பல் பிடுங்கினார்கள், சீழ்க்கட்டி கீறினார்கள். நரம்புச் சிலந்திப் புழுவை ஒரு குச்சியில் சுற்றி, நாளுக்குக் கொஞ்சமாக வெளியே இழுத்தார்கள். நரம்புச் சிலந்தி என்றால் இன்றைய மாணவர்களுக்குத் தெரியாது. படியிறங்கி நீர் மொள்ளும் கிணறுகளில் நோயாளியின் கால் தண்ணீரில் படும்போது, புண்ணிலிருந்து புழுவின் குஞ்சுகள் நீரில் கலக்கும். அந்தத் தண்ணீரைக் குடிப்பவர் உடம்பில் ஓர் ஆண்டுக்குப் பிறகு முழங்கை நீளத்துக்கும் மேலான புழு தோலைத் துளைத்து வெளிவரும். குடிக்கும் நீரில் கால் படாமல் காத்தாலே நோய் நின்றுவிடும், மருந்துகூட வேண்டாம். இந்தியாவில் இந்நோய் ஒழிந்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் சான்று அளித்தது 2000ஆம் ஆண்டில்தான். ஏழையின் நோய் என்பதால் அவ்வளவு காலம் பிடித்தது.

வைத்தியத்தோடு பள்ளிகள் வந்தன, தச்சு வேலையும் பட்டுப்புழு வளர்ப்பும் வந்தன. மிஷனரிகளை எதிர்த்த ஊர்ப் பூசாரி, காய்ச்சலில் சாகக் கிடந்தபோது ஊரார் யாரும் நெருங்கவில்லை. ஜெஸ்ஸி போய்ப் பார்த்தார். எந்தச் சாமியைத் தடுத்தாரோ அந்தச் சாமியின் ஆட்களிடமே பூசாரி தன் பெண் குழந்தையை ஒப்படைத்துவிட்டு இறந்தார். அந்தக் குழந்தைக்கு ரூத் என்று பெயர் வைத்தார்கள். மலையில் மனம் மாறத் தொடங்கியது இந்தச் சாவுக்குப் பிறகுதான் என்று பிராண்ட் குடும்பத்தைப் பற்றிய நூல்கள் சொல்கின்றன. இந்தக் கதையை மிஷன் கூட்டங்களில் வெற்றிக் கதையாகச் சொல்வார்கள். எங்களுக்கு அதில் தெரிவது வேறு. தன் குழந்தையை யாரிடம் விட்டுப்போவது என்று சாகும் நேரத்தில் முடிவெடுத்த ஒரு தகப்பனின் துணிவு தெரிகிறது. அழைப்பு என்று ஒன்று இருக்குமானால் அந்தப் பூசாரிக்கும் அது கேட்டிருக்கிறது.

1929 ஜூன் மாதம், மலேரியா முற்றிச் சிறுநீர் கறுத்துப்போகும் காய்ச்சலில் ஜெஸ்ஸி இறந்தார். வயது 44. பிள்ளைகள் பாலும் கோனியும் படிப்புக்காக 1923இலேயே இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டிருந்தார்கள். அப்பா இறந்த செய்தி தந்தியில் போய்ச் சேர்ந்தது. அதன் பிறகும் அவர் முன்பே எழுதிக் கப்பலில் அனுப்பிய கடிதங்கள் மகனுக்கு வந்துகொண்டிருந்தன. ஒன்பது வயதுப் பிள்ளையைக் கடல் கடந்து அனுப்பிவிட்டுச் செய்யும் ஊழியம் சரியா? இதற்கு எங்களிடம் சுலபமான பதில் இல்லை. இயக்க வேலைக்காக வீட்டை மறந்த நம் மூத்த தோழர்களின் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள், அவர்களும் இதே கேள்வியை வைத்திருப்பார்கள்.

எவலின் திரும்பி வந்தார். வயது எழுபதை நெருங்கியபோது மிஷன் இனி வேண்டாம் என்றது. கிழவியம்மாவை மலைக்கு அனுப்ப முடியாது என்பது நிர்வாகத்தின் நியாயம். ஒரே ஒரு ஆண்டு கொடுங்கள் என்று கேட்டு வாங்கினார். ஆண்டு முடிந்ததும் மிஷனிலிருந்து ஓய்வு பெற்றுக்கொண்டு, ஊருக்குப் போகாமல் தன் சொந்தப் பொறுப்பில் மலைக்கே போய்விட்டார். கொல்லிமலையோடு சேர்த்து ஐந்து மலைத்தொடர்கள் என்பது கணவனும் மனைவியும் முன்பு கண்ட கனவு. மட்டக் குதிரையிலும் இரண்டு மூங்கில் கம்புகளை ஊன்றியும் கல்வராயன் மலை உள்ளிட்ட இடங்களுக்கு அலைந்தார். விழுந்து எலும்பு முறிந்தது, ஆனாலும் இறங்கி வரவில்லை. 1974 டிசம்பரில் 95ஆவது வயதில் இறந்தார். வாழவந்தியில் கணவர் கல்லறைக்குப் பக்கத்தில் புதைத்தார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. அழைத்தவர் கடவுள் என்று சொல்லி அனுப்பிய அதே அமைப்புதான், பிறகு அழைப்பு முடிந்துவிட்டது என்றும் சொன்னது. அமைப்பின் சம்பளப் பட்டியலில் பெயர் இருப்பதை அழைப்பு என்று எவலின் எடுத்துக்கொள்ளவில்லை. தொண்டு நிறுவனத் திட்டம் மூன்று ஆண்டில் முடிந்ததும் ஊரைவிட்டுக் கிளம்பிவிடும் நம் காலத்து 'களப்பணி'யோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

அவர்கள் மகன் பால் பிராண்டின் கதை இன்னொரு வகை. 1914இல் உதகமண்டலத்தில் பிறந்து, கொல்லிமலையில் செருப்பில்லாமல் ஓடி வளர்ந்தவர். அப்பா சீழும் இரத்தமுமாக வைத்தியம் செய்ததைப் பார்த்து அருவருத்து, டாக்டர் வேலை மட்டும் வேண்டாம் என்று முடிவு செய்தார். அப்பாவைப் போல் கட்டட வேலை கற்கப் போய், ஐந்து ஆண்டு தச்சும் கொத்தும் பழகினார். பிறகு அந்தக் குறுகிய மருத்துவப் பயிற்சிக்குப் போன இடத்தில்தான் மருத்துவம் தனக்குப் பிடிக்கிறது என்று தெரிந்தது. லண்டனில் படித்து அறுவை மருத்துவராகி, 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனையில் டாக்டர் ராபர்ட் காக்ரேன் அவருக்கு மடங்கிப்போன கைகளைக் காட்டினார். இத்தனை ஆயிரம் பேருக்குக் கை முடங்கியிருக்க, எலும்பு மருத்துவர்கள் ஏன் ஒருவரும் இதைப் படிக்கவில்லை என்று கேட்டார். ஒரு நோயாளியின் கையைத் திறக்கச் சொல்லிப் பால் தன் கையைக் கொடுத்தபோது, அந்த முடங்கிய கை அவர் கையை வலிக்க வலிக்கப் பிடித்தது. உணர்ச்சி செத்த கையில் பலமுள்ள தசைகள் உயிரோடு இருக்கின்றன என்பது அந்த வலியில் அவருக்கு விளங்கியது. நல்ல தசைநாரை எடுத்துச் செயலற்ற விரலுக்கு மாற்றிவைக்கும் அறுவைச் சிகிச்சை அங்கிருந்து வளர்ந்தது.

இதற்குப் பிறகு நடந்ததுதான் நமக்கு. கை நிமிர்ந்த இளைஞர்கள் வெளியே போனார்கள், கொஞ்ச நாளில் மெலிந்து திரும்பி வந்தார்கள். நீங்கள் கொடுத்த கை பிச்சைக்கு உதவாத கை என்றார்கள். முடங்கிய கையைப் பார்த்துக் காசு போட்டவர்கள் நிமிர்ந்த கையைப் பார்த்துப் போடவில்லை. அதே நேரத்தில் குஷ்டரோகி என்ற பெயர் போகாததால் வேலையும் யாரும் கொடுக்கவில்லை, வீடும் கொடுக்கவில்லை. உடம்பைச் சரிசெய்தால் சமூகம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை அங்கே உடைந்தது. தீட்டு நோயில் இல்லை, பார்க்கிறவன் கண்ணில் இருக்கிறது என்று நமக்குச் சொல்லித்தர யாரும் வேண்டாம். பாலுக்கு அதை அந்த நோயாளிகள் சொல்லித்தந்தார்கள். கல்லூரி வளாகத்திலேயே 1951இல் நவஜீவ நிலையம் என்ற குடியிருப்பு எழுந்தது. அங்கே தச்சுப் பட்டறை. வீணாய்ப் போன ஐந்து ஆண்டு என்று அவரே நினைத்திருந்த தச்சு வேலை அங்கே பாடமானது. நோயாளிகள் மர பொம்மை செய்தார்கள். எந்தக் கருவியைப் பிடிக்கும்போது கையில் புண் வருகிறது என்று கவனித்ததிலிருந்து, தொழுநோயில் விரல் தானாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் அடிபட்டு அடிபட்டுத் தேய்கிறது என்ற உண்மை உறுதியானது.

கிறிஸ்தவப் புத்தகங்கள் கதையை இங்கே நிறுத்திவிடும். நாம் இன்னும் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். ஏனென்றால் இதுவரை பார்த்தவர்களுக்கு ஒரு வசதி இருந்தது. அழைப்பு வந்தது என்று அவர்கள் சொன்னபோது சபை நம்பியது. நம் ஆட்கள் சொன்னபோது என்ன நடந்தது?

தஞ்சை மன்னரின் படையில் சேர்வைக்காரனாக இருந்தவர் இராஜநாயக்கன். பறையர். தரங்கம்பாடியில் அச்சான சீகன்பால்குவின் தமிழ் வேதப் பகுதிகளைத் தாமே படித்து, 1720களில் லுத்தரன் சபைக்கு வந்தார். உபதேசியாராகி, தஞ்சைச் சீமையில் அடியும் அவமானமும் வாங்கிக்கொண்டு சபைகளை வளர்த்தார். 1733இல் ஆரோன் என்ற வேளாளர் முதல் தமிழ் குருவானவராக அபிஷேகம் பெற்றார். அடுத்த குருவானவரைத் தேர்ந்தெடுக்கும்போது இராஜநாயக்கன் பெயரும் யோசிக்கப்பட்டது. பறையர் கையால் திருவிருந்து வாங்க மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் சம்மதிக்க மாட்டார்கள் என்று மிஷனரிகள் பின்வாங்கினார்கள். 1741இல் தியோகு குருவானவரானார், இராஜநாயக்கன் கடைசிவரை உபதேசியார். அவருக்கு அழைப்பு இல்லை என்று யாரும் சொல்லவில்லை. அழைப்பு இருக்கிறது, ஆனால் அப்பத்தைத் தொடும் கை சரியில்லை என்றார்கள்.

அழைப்பு என்ற சொல்லையே சாதிக்குக் காவலாக வைத்தவர்களும் உண்டு. அவரவர் அழைக்கப்பட்ட நிலையிலேயே நிலைத்திருக்கட்டும் என்ற கருத்தில் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய ஒரு வரியை, அமெரிக்காவில் அடிமை முதலாளிகள் பயன்படுத்தினார்கள். அதே அதிகாரத்தில், அடிமையாயிருப்பவன் விடுதலை பெற வழி கிடைத்தால் அதைப் பயன்படுத்திக்கொள்ளட்டும் என்று வரும் அடுத்த வரியை வசதியாக விட்டுவிட்டார்கள். இங்கே 1833இல் பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி கூடாது என்று உத்தரவிட்டபோது, தஞ்சையிலும் சென்னை வேப்பேரியிலும் வேளாளக் கிறிஸ்தவர்கள் சபையைவிட்டே விலகினார்கள். அவர்கள் கிறிஸ்துவைவிடத் தயாராக இருந்தார்கள், பெஞ்சைவிடத் தயாராக இல்லை.

விவிலியத்தில் அழைப்பின் பெரிய கதை மோசேயுடையது. யாத்திராகமத்தைத் திறந்து பாருங்கள். முட்செடிக்குள்ளிருந்து பேசும் கடவுள் மோசேயின் திறமையைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. அடிமை மக்களின் கூக்குரலைக் கேட்டேன் என்றுதான் தொடங்குகிறார். முதலில் கூக்குரல், அதற்குப் பிறகுதான் அழைப்பு. எனக்கு அழைப்பு உண்டா என்று கண்ணை மூடிக்கொண்டு தனக்குள் தேடும் தம்பி தங்கைகளுக்கு எங்கள் பதில் இதுதான்: கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு தேடுங்கள்.

நம் வரலாற்றில் அப்படித் தேடியவர்கள் மிஷனரிகளுக்காகக் காத்திருக்கவில்லை. மயிலாடியில் சாம்பவர் குலத்தில் பிறந்த மகாராசன் சிதம்பர யாத்திரை போன வழியில், தஞ்சையில் ஒரு சபையைக் கண்டு 1799இல் வேதமாணிக்கமாகத் திரும்பினார். திருவிதாங்கூரில் உறவினரையும் ஊராரையும் கூட்டினார். அடி தாங்க முடியாமல் போனபோது மிஷனரி வேண்டும் என்று கேட்டவரே அவர்தான். ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்தது 1806இல். 1809இல் ஆலயம். 1816இல் ரிங்கல்தௌபே போனபோது சபையை வேதமாணிக்கம் கையில் விட்டுப்போனார். மிஷனரி தலித்துக்கு அழைப்புக் கொண்டுவந்தார் என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். இங்கே தலித்தின் அழைப்புக்கு மிஷனரி வந்தார். பஞ்சாபின் சியால்கோட் பகுதியில் தோல் வாங்கி விற்ற தித் என்பவரும் அப்படியே. சூஹ்ரா சாதியைச் சேர்ந்தவர், கால் ஊனமுற்றவர். 1873இல் ஞானஸ்நானம் பெற்றதும், பாதுகாப்பாக மிஷனில் தங்கச் சொன்னதை மறுத்துத் தன் ஊருக்கே திரும்பினார். வீட்டார் ஏச்சையெல்லாம் தாங்கி நின்றார். பிறகு அவர் வழியில் அவர் சாதியார் பல்லாயிரம் பேர் போனார்கள்.

இன்றைக்கு வருவோம். கொல்லிமலையில் ஒரு மலையாளி கிறிஸ்தவரானாலும் பழங்குடிப் பட்டியலில் அவர் பெயர் நிற்கும், ஏனென்றால் பழங்குடி என்பதற்குச் சட்டம் மதம் கேட்பதில்லை. நிற்கட்டும், அது அவர் உரிமை. மலையடிவாரத்துச் சேரியில் ஒரு பறையரோ அருந்ததியரோ கிறிஸ்தவரானால், 1950 ஆகஸ்ட் 10ஆம் நாள் வந்த குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி அவரைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடும். 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் கதவு திறந்தது, கிறிஸ்தவருக்கும் முஸ்லிமுக்கும் திறக்கவில்லை. தமிழ்நாட்டில் அவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போகிறார். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அவருக்கு இல்லை, தனித்தொகுதியும் இல்லை. ஒரே ஆலயத்தில் ஒரே அப்பம் வாங்கும் இருவரில் ஒருவர் வெறுங்கையோடு வெளியே வருகிறார்.

சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்த சூசையின் வழக்கை மாணவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். செருப்புத் தொழிலாளர்களுக்கு அரசு பெட்டிக்கடை கொடுத்தது. இந்து ஆதிதிராவிடருக்கு உண்டு, கிறிஸ்தவ ஆதிதிராவிடருக்கு இல்லை. அதே சாலை, அதே ஊசி, அதே தோல். 1985இல் உச்ச நீதிமன்றம் அவர் மனுவைத் தள்ளியது. மதம் மாறிய பிறகும் அதே அளவு இழிவு தொடர்கிறது என்பதற்கு ஆதாரம் போதவில்லை என்றது. 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் அந்த மூன்றாம் பத்தியையே நீக்கப் பரிந்துரைத்தது, நீக்கவில்லை. 2022 அக்டோபரில் முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம். 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவர் வழக்கில், சலுகைக்காக மட்டும் இந்து என்று சொல்லிக்கொள்வது அரசமைப்பின் மீதான மோசடி என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஞாயிற்றுக்கிழமை ஒரு பெயர், சான்றிதழில் ஒரு பெயர் என்று நம் மக்கள் ஏன் வாழ்கிறார்கள் என்று நீதிமன்றம் கேட்கவில்லை. எவலின் தன் அழைப்புக்கு லண்டன் வீட்டின் வசதியை விலையாகக் கொடுத்தார். நம் வீட்டுப் பெண் தன் அழைப்புக்குத் தம்பியின் கல்லூரி இடத்தை விலையாகக் கொடுக்கச் சொல்லப்படுகிறாள்.

கொல்லிமலைக்குப் போகும் மாணவர்கள் அருவியில் குளித்துவிட்டு வாழவந்திக்கும் போய் வாருங்கள். இரண்டு கல்லறைகளையும் பாருங்கள், மரியாதை செலுத்துங்கள். பிறகு அங்கிருக்கும் பெரியவர்களிடம் உட்கார்ந்து கேளுங்கள்: அந்த மரவீட்டின் பலகைகளைச் சுமந்தது எந்த ஊர் ஆட்கள்? துரைக்குத் தமிழ் பேச்சைத் திருத்தியவர் யார்? காய்ச்சலில் கிடந்த துரையம்மாவுக்குக் கஞ்சி வைத்தது யார்? பூசாரியின் பெயர் என்ன? சேந்தமங்கலத்துச் சேரிகளிலும் இதையே கேளுங்கள். தாத்தா பாட்டி சொல்லக் கேட்டவர்கள் இன்னும் சிலர் இருப்பார்கள். பெயரையும் ஊரையும் யார் சொன்னார்கள் என்பதையும் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.